திரும்பி வரும் உரிமை

கடவுச்சீட்டு ஒருவர் இன்னார் என்பதற்கான சான்று என்றே பொதுவாகக் கருதப்படுகிறது. ஆனால் அதை வாங்கிப் புரட்டும் அயல்நாட்டு எல்லை அலுவலருக்கு, அதிலுள்ள பெயரையும் புகைப்படத்தையும் விட, அதை வழங்கிய அரசு அந்த மனிதரை மறுப்பின்றித் திரும்ப ஏற்றுக்கொள்ளும் என்ற உறுதியே பெரிது. ஒரு நாட்டில் முறையான அனுமதியுடன் பல ஆண்டுகள் குடியிருந்து, உழைத்து, வரி கட்டி வரும் ஒருவருக்கு அந்நாட்டின் குடியுரிமையும் இல்லை, பிறந்த நாட்டின் கடவுச்சீட்டும் கிடைக்காது என்றால், வெளிநாடு செல்ல நேரும்போது இந்த உறுதியை அவருக்காக யார் அளிப்பது என்ற கேள்வி எழுகிறது. கையிலுள்ள குடியிருப்பு அனுமதி அட்டை இதற்கு உதவாது. அது தங்கும் உரிமைக்குச் சான்றே தவிர, பிற நாடுகள் விசா பதித்துத் தரக்கூடிய ஆவணம் அன்று. இத்தகையோருக்குக் குடியிருக்கும் நாடே வழங்கும், கடவுச்சீட்டைப் போன்ற சிறு புத்தகமே பயண ஆவணம் எனப்படுகிறது.

இதன் வரலாறு முதல் உலகப் போரின் பின்விளைவுகளில் தொடங்குகிறது. புரட்சிக்குப் பின் நாட்டை விட்டு வெளியேறிய லட்சக்கணக்கான ரஷ்யர்களின் குடியுரிமையைச் சோவியத் அரசு 1921 டிசம்பரில் ஓர் ஆணையால் பறித்தது. நாடுகளின் சங்கத்தின் அகதிகள் ஆணையராக இருந்த நார்வே நாட்டுத் துருவ ஆய்வாளர் ஃப்ரிட்யோஃப் நான்சென், 1922 ஜூலையில் ஜெனீவாவில் கூட்டிய மாநாட்டில் அவர்களுக்கென ஒரு சான்றிதழை வகுத்தார். 1924இல் அது ஆர்மீனியருக்கும் நீட்டிக்கப்பட்டது. நான்சென் கடவுச்சீட்டு என்று பெயர் பெற்ற அந்த ஆவணம் ஏறத்தாழ 4,50,000 பேருக்கு வழங்கப்பட்டது. இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கியும் எழுத்தாளர் நபகோவும் அதை வைத்திருந்தவர்களே. ஆயினும் தொடக்கத்தில் அதில் ஓர் அடிப்படைக் குறை இருந்தது: வழங்கிய நாட்டுக்கே திரும்பி வரும் உரிமையை அது தரவில்லை. புறப்பட்டவர் திரும்பாமலே போகலாம் என்று அரசுகள் உள்ளூர எதிர்பார்த்தன என்றே கொள்ள வேண்டும். ஆனால் திருப்பி அனுப்ப முடியாத விருந்தினரை வரவேற்க எந்த நாடும் முன்வரவில்லை. 1926இல் செய்யப்பட்ட புதிய ஏற்பாடு, சான்றிதழில் திரும்பி வருவதற்கான விசாவையும் சேர்த்துத் தர வேண்டும் எனப் பரிந்துரைத்தது.

அந்தப் படிப்பினையை 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கை சட்டமாக்கியது. அதன் 28ஆம் பிரிவு, தம் நாட்டில் சட்டப்படி தங்கியிருக்கும் அகதிகள் பயண ஆவணம் கேட்டால், தேசியப் பாதுகாப்பு அல்லது பொது ஒழுங்கு சார்ந்த வலுவான காரணம் இருந்தாலொழிய, உறுப்பு நாடுகள் அதை வழங்க வேண்டும் என்கிறது. ஆவணம் செல்லுபடியாகும் காலத்தில் அதை வைத்திருப்பவரைத் திரும்ப அனுமதிக்க வேண்டும் என்றும், அதற்கான கட்டணம் அந்நாட்டுக் குடிமக்களின் கடவுச்சீட்டுக்குரிய மிகக் குறைந்த கட்டணத்தை மிஞ்சக் கூடாது என்றும் அதன் இணைப்பு விதிக்கிறது. எந்த நாடும் தன் குடிமகனாக ஏற்காத நாடற்றோருக்கு இதே வசதியை 1954ஆம் ஆண்டின் உடன்படிக்கை அளித்தது. இன்றைய ஆவணங்களில் நாட்டுரிமைக்குரிய இடத்தில் நாட்டின் பெயருக்குப் பதிலாகக் குறியீடு ஒன்று இருக்கும். நாடற்றவருக்கு ‘எக்ஸ்எக்ஸ்ஏ’, 1951 உடன்படிக்கையின்படி அகதியானவருக்கு ‘எக்ஸ்எக்ஸ்பி’.

விண்ணப்பிப்பவர் முதலில் அறிய வேண்டியது தாம் எந்த வகையைச் சேர்ந்தவர் என்பதே. அகதியாக ஏற்கப்பட்டவரிடம் சொந்த நாட்டுத் தூதரகத்துக்குச் சென்று கடவுச்சீட்டு வாங்கி வரும்படி கேட்பதில்லை. அவர் அஞ்சி ஓடி வந்ததே அந்த அரசை விட்டுத்தான். மாறாக, அவராகவே விரும்பி அதைப் பெற்றால், அந்த அரசின் பாதுகாப்பை மீண்டும் நாடியவராகக் கருதப்பட்டு அகதி நிலையையே இழக்க நேரலாம். ஆனால் அகதி நிலைக்குக் கீழான வேறுவகைப் பாதுகாப்பில் தங்கியிருப்பவர்களின் நிலை வேறு. பிரிட்டனிலும் ஜெர்மனியிலும் அவர்கள் முதலில் தம் தூதரகத்தை அணுகி, அங்கே நியாயமின்றி மறுக்கப்பட்டதைக் காட்ட வேண்டும். இந்த விதி பார்வைக்கு எளிதாகத் தோன்றினாலும் நடைமுறையில் மிகவும் கடுமையானது. மறுக்கும் தூதரகங்கள் பலவும் மறுப்பை எழுத்தில் தருவதில்லை. எரித்ரிய நாட்டுத் தூதரகம், நாட்டை விட்டு வெளியேறியது குற்றமென ஒப்புக்கொண்டு, அதற்கான தண்டனைக்கும் இசைந்து கையெழுத்திட்டால்தான் கடவுச்சீட்டு என்று கேட்டது. அத்தகைய வாக்குமூலத்தை ஒருவர்மீது திணிக்க முடியாது என்றும், அவருக்கு ஜெர்மனியே பயண ஆவணம் தர வேண்டும் என்றும் அந்நாட்டின் கூட்டாட்சி நிர்வாக நீதிமன்றம் 2022 அக்டோபரில் தீர்ப்பளித்தது.

ஐரோப்பாவில் அகதிகளாக வாழ்ந்த ஈழத் தமிழர்கள் இந்த நீலநிறப் புத்தகத்தை நன்கறிவர். இலங்கை தவிர ஏனைய நாடுகளுக்குச் செல்லுபடியாகும் என்ற குறிப்பு அதில் இருந்ததால், ஊரிலிருந்து வரும் பெற்றோரையோ உடன்பிறந்தாரையோ சென்னையிலோ திருச்சியிலோ சந்திப்பதே பலருக்கு இயன்ற வழியாக இருந்தது.

அமெரிக்காவில் ‘ஐ-131’ என்ற ஒரே படிவம் அகதிகளுக்கும் நிரந்தரக் குடியிருப்பு உரிமை (கிரீன் கார்டு) பெற்றோருக்கும் பயன்படுகிறது. அகதிகளுக்கான ஆவணம் ஓராண்டும், கிரீன் கார்டு வைத்திருப்போருக்கான மறுநுழைவு அனுமதி பொதுவாக இரண்டாண்டும் செல்லும். ஓராண்டோ அதற்கு மேலோ வெளியே தங்கிவிட்டால் கிரீன் கார்டு மட்டும் நுழைவுக்குப் போதாது என்பதால், நீண்ட பயணம் செல்பவருக்கு இந்த அனுமதி தேவைப்படுகிறது. மறுநுழைவு அனுமதிக்கான விண்ணப்பத்தை நாட்டுக்குள் இருக்கும்போதே அளித்தாக வேண்டும். புறப்பட்ட பின் நினைவு வந்து பயனில்லை.

இந்தியா மேற்சொன்ன இரு உடன்படிக்கைகளிலும் கையெழுத்திடவில்லை. ஆனால் 1967ஆம் ஆண்டின் கடவுச்சீட்டுச் சட்டத்தின் 20ஆம் பிரிவு, பொதுநலன் கருதி, குடிமக்கள் அல்லாதோருக்கும் பயண ஆவணம் வழங்க மத்திய அரசுக்கு அதிகாரம் தருகிறது. திபெத்தியர்களுக்கு வழங்கப்படும் மஞ்சள் அட்டையிட்ட அடையாளச் சான்றிதழ் இவ்வகையைச் சேர்ந்தது. அந்தப் புத்தகம் மட்டும் போதாமல், இந்தியாவுக்குத் திரும்பத் தடையில்லை என்ற முத்திரையையும் அவர்கள் அதில் பெற வேண்டியிருந்தது. அம்முத்திரை இல்லாத புத்தகத்தில் விசா தர வெளிநாட்டுத் தூதரகங்கள் தயங்கின. நான்சென் ஆவணத்துக்கு 1926இல் தேவைப்பட்ட அதே திருத்தம்தான் இங்கே முத்திரையாக வந்தது.

தமிழ்நாட்டு முகாம்களில் உள்ள இலங்கைத் தமிழருக்கு வழக்கமாக இருப்பது ஒருவழிப் பாதை. தாயகம் திரும்ப விரும்புவோர் சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் கடவுச்சீட்டையோ தற்காலிகப் பயண ஆவணத்தையோ பெற்று, இந்திய அரசின் வெளியேறும் அனுமதியையும் வாங்கியாக வேண்டும். முகாமில் பிறந்த பிள்ளைகளுக்கு, அதற்கு முன்னரே இலங்கைக் குடியுரிமையைப் பதிவு செய்திருக்க வேண்டும். பிறந்த தேதி மட்டும் சிலருக்கு வேறொரு வழியைத் திறந்திருக்கிறது. 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூலை 1க்கு முன்புவரை இந்திய மண்ணில் பிறந்தோர், பெற்றோர் எந்நாட்டவராயினும், பிறப்பால் இந்தியக் குடிமக்கள் என்பது குடியுரிமைச் சட்டம். திபெத்தியப் பெண் ஒருவரின் வழக்கில் 2010இல் டெல்லி உயர் நீதிமன்றம் இதை உறுதி செய்தது. 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த பெண்ணுக்கு இந்தியக் கடவுச்சீட்டு வழங்கும்படி சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022இல் உத்தரவிட்டதும் இந்த அடிப்படையில்தான். ஈராண்டு கழித்து அதே முகாமில் பிறந்த தம்பி தங்கையருக்கு இத்தீர்ப்பு பொருந்தாது. பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருந்தாலன்றி, அவர்கள் துணைத் தூதரகத்தின் பதிவையே நாட வேண்டும்.