சிவப்பு மூடி, ஆரஞ்சு மூடி

டாக்டருக்காக நாம் மணிக்கணக்கில் காத்துக் கிடக்க, டையும் தோல்பையுமாக வரும் மெடிக்கல் ரெப் சட்டென்று உள்ளே போய்விடுகிறாரே, அப்படி என்னதான் படித்திருக்கிறார் என்று ஒரு வாசகி கோபமாக எழுதிக் கேட்டிருக்கிறார்.

நிறையவே படிக்கிறார். சர்க்கரை நோய்ப் பிரிவுக்கு எடுத்த ஆளைக் கம்பெனி முதலில் வகுப்பில்தான் உட்கார வைக்கும். கணையத்தில் தொடங்கி, ரத்தச் சிவப்பணுவில் ஒட்டிய சர்க்கரையை அளக்கும் ஹெச்பிஏ1சி சோதனை வரை பாடம் உண்டு. சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். அதனால்தான் அந்தச் சோதனை ஏறக்குறைய மூன்று மாதச் சர்க்கரையைக் காட்டிக்கொடுக்கிறது. பிறகு போட்டி மருந்துகள். அப்புறம் ஒத்திகை. மேனேஜர் டாக்டராக உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்ப்பார். விஷுவல் எயிட் என்ற படப் புத்தகத்தைப் புரட்டியபடி ஓரிரு நிமிடத்தில் சொல்லி முடிக்க வேண்டும்.

இன்சுலின் விற்பவர் என்றால் ஊசிப் பேனா பயிற்சியும் சேரும். ஊசி நுனியில் சொட்டு வருகிறதா என்று பார்ப்பது, அழுத்திய பின் பத்து எண்ணிவிட்டு ஊசியை எடுப்பது, கலங்கல் இன்சுலினைக் குலுக்காமல் உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டுவது எல்லாம் அதில் உண்டு.

என்னை வியக்க வைப்பது பேனா அல்ல, சாதாரண சிரிஞ்சுதான். பல நாடுகளில் இன்சுலின் பாட்டில் என்றால் ஒரு மில்லிக்கு 100 யூனிட். நம் நாட்டிலோ பெரும்பாலான பாட்டில்களில் 40 யூனிட். பேனாவுக்கான கார்ட்ரிட்ஜிலும் சில பாட்டில்களிலும் 100. ஆகவே சிரிஞ்சும் இரண்டு வகை: 40க்குச் சிவப்பு மூடி, 100க்கு ஆரஞ்சு மூடி. எங்கள் வீட்டில் சின்னப்படி, பெரியபடி என்று இரண்டு இருந்தன. ‘நாலு படி போடு’ என்றால், எந்தப் படி என்று கேட்காமல் அம்மா அரிசிப் பானையைத் திறக்க மாட்டார்.

மூடியை மாற்றினால் என்ன ஆகும்? 40 யூனிட் பாட்டிலிலிருந்து ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் உடம்புக்குள் போவது 8 யூனிட்தான். சர்க்கரை இறங்காது, நோயாளி சோற்றைக் குறைப்பார், வீட்டார் இனிப்புத் திருடினாரா என்று சந்தேகப்படுவார்கள். தலைகீழாக நடந்தால் விபரீதம். பேனா பழுதான அன்று கார்ட்ரிட்ஜில் சிவப்பு மூடி சிரிஞ்சைக் குத்தி 20 கோடு வரை இழுத்தால் அது 50 யூனிட். சர்க்கரை படுபாதாளத்துக்கு இறங்கி மயங்கி விழ, அது போதும்.

இத்தனை பாடம் கற்ற ரெப், டாக்டரைப் பார்த்த கையோடு மருந்துக்கடைக்கும் போகிறார். எந்த டாக்டர் எந்த பிராண்டு எழுதுகிறார், எத்தனை பாட்டில் போகிறது என்று விசாரித்துக் குறித்துக்கொள்கிறார். எந்த பாட்டிலோடு எந்த சிரிஞ்சைக் கொடுக்கிறீர்கள் என்று கேட்பவரை நான் பார்த்ததில்லை. டார்கெட்டில் அதற்குக் கட்டமில்லை போலும்! டாக்டர்களுக்குப் பரிசு கொடுக்கக் கூடாது என்று 2024 மார்ச்சில் மத்திய அரசின் நெறிமுறை வந்தது. அந்தப் பரிசுக் காசில் இரண்டு மூடிகளின் படம் போட்ட அட்டை ஒன்றை அடித்து, கல்லாவுக்குப் பக்கத்தில் ஒட்டச் சொல்லலாமே. கடைப் பையன்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். ரெப் மாதம் தவறாமல் அங்கே போய் நிற்பவர்.