சிறகில் தீட்டிய மொழி



பழைய யுத்த விமானமொன்றைக் காட்சிசாலையில் காண்போர் பெரும்பாலும் அதன் உருவத்தை வியந்துவிட்டு அப்பால் சென்றுவிடுகின்றனர். அதன் மேனியில் தீட்டப்பட்ட வட்டங்களும் எழுத்துகளும் வெறும் அலங்காரமாகவே அவர்களுக்குத் தோன்றுகின்றன. உண்மையில் அவை உயிர் காக்கப் பிறந்த ஒரு மொழியாகும். அம்மொழியைப் படிக்கும் வகையை, இரண்டாம் உலக யுத்தத்தில் பிரிட்டிஷ் விமானப்படை செலுத்திய சண்டை விமானங்களைக் கொண்டு இன்று விளக்க விரும்புகிறேன்.

இம்மொழியின் பிறப்பு முதல் உலக யுத்தத்தில் நிகழ்ந்தது. 1914-ஆம் ஆண்டில் பிரிட்டிஷார் தம் விமானங்களின் சிறகுகளில் தேசியக் கொடியைத் தீட்டினர். அக்கொடியின் நடுவிலுள்ள சிலுவை, தொலைவிலிருந்து பார்த்த வீரர்களுக்கு ஜெர்மானியச் சிலுவைபோல் தோன்றிற்று. ஆகவே கொடியை நீக்கி, பிரெஞ்சுக்காரர்களின் வட்டச் சின்னத்தை நிறங்களை முன்பின்னாக மாற்றி ஏற்றுக்கொண்டனர். வெளியே நீலம், இடையே வெண்மை, நடுவே சிவப்பு என்னும் சின்னம் அவ்வாறே தோன்றியது.

ஆயினும் சின்னம் மட்டும் போதாது என்பதை 1939 செப்டம்பர் 6-ஆம் நாள் உணர்த்திற்று. பிரிட்டன் யுத்தம் அறிவித்து மூன்று நாட்களே ஆகியிருந்தன. பகைவர் வருவதாகப் பொய்யான எச்சரிக்கை ஒன்று எழ, ஹரிக்கேன் விமானங்கள் விண்ணில் ஏறின. அவற்றைப் பகைவரென்று மயங்கிய ஸ்பிட்பயர் விமானிகள் இரண்டைச் சுட்டு வீழ்த்தினர். விமானி ஒருவர் மாண்டார். அந்த யுத்தத்தில் உயிரிழந்த முதல் பிரிட்டிஷ் சண்டை விமானி அவரே. அவரைக் கொன்றது அவருடைய படையின் குண்டே!

வர்ணம் கண்ணுக்குப் புலப்படாத தொலைவில் உருவமே பேசவேண்டும். ஸ்பிட்பயரின் சிறகு நீள்வட்டமாக வளைந்து முனையில் கூர்மையுறும். ஹரிக்கேனின் சிறகோ தடித்தது, அதன் விளிம்புகள் நேராகச் செல்லும். ஹரிக்கேனின் ரேடியேட்டர் வயிற்றின் நடுவே தொங்கும். தொடக்ககால ஸ்பிட்பயரில் அது வலச் சிறகின் கீழே இருக்கும். ஹரிக்கேனின் சக்கரங்கள் உள்நோக்கி மடியும். ஸ்பிட்பயரின் சக்கரங்கள் வெளிநோக்கி மடியும். ஸ்பிட்பயரின் ஒன்பதாம் வகையில் இரு சிறகுகளின் கீழும் ஒத்த வடிவான ரேடியேட்டர்கள் உண்டு. சுழல்விசிறிக்கு நான்கு இதழ்கள். பதினான்காம் வகையில் இதழ்கள் ஐந்து; அவ்விசிறி முந்தியவற்றிற்கு எதிர்த்திசையில் சுழலும்.

யுத்தம் கீழ்த்திசைக்கு வந்தபோது வேறொரு சிக்கல் எழுந்தது. ஜப்பானிய விமானங்களின் சின்னம் செந்நிறச் சூரியன். விரைவில் பறப்பதில் ஒரு கணம் மட்டுமே தெரியும் சிவப்புப் புள்ளி நண்பனுடையதா, பகைவனுடையதா? அமெரிக்கர் 1942 மே மாதத்தில் தம் நட்சத்திரத்தின் நடுவிலிருந்த செம்புள்ளியை அகற்றினர். இந்தியாவிலும் பர்மாவிலும் பறந்த பிரிட்டிஷ் விமானங்களிலும் சிவப்பு மறைந்து, கருநீலமும் இளநீலமும் மட்டுமே நின்றன. பர்மாப் போர்முனையில் போரிட்ட நம் இந்திய விமானப்படையும் இந்நீலச் சின்னத்தையே தாங்கிற்று.

ஐரோப்பாவில் நிகழ்ந்ததையும் கூறவேண்டும். 1943 ஜூலையில் சிசிலித் தீவின் அருகே, நேசநாட்டுப் பீரங்கிகளே தம் படைவீரரை ஏற்றிவந்த 23 விமானங்களை ஓர் இரவில் வீழ்த்தின. அத்துயரம் மீண்டும் நேராதபடி, 1944 ஜூன் 6-ஆம் நாள் நார்மண்டிக் கரையில் இறங்குமுன், சிறகுகளிலும் உடலின் பின்பகுதியிலும் வெள்ளைப் பட்டைகள் மூன்றும் கறுப்புப் பட்டைகள் இரண்டும் தீட்டினர். இரகசியம் வெளிப்படாதிருக்கக் கடைசி நாட்களிலேயே அவசரமாகப் பூசியதால், பல விமானங்களில் அவை கோணலாக அமைந்தன.

இனி, காட்சிசாலையில் ஓர் எச்சரிக்கை. பக்கவாட்டிலுள்ள பெரிய எழுத்துகளில் இரண்டு படைப்பிரிவையும், ஒன்று தனி விமானத்தையும் குறிக்கும். இவை மாறக்கூடியவை. விமானத்திற்கு உரிய நிலையான பெயர் அதன் வரிசை எண்ணே. பிரிட்டனில் 'பி 7350' என்னும் ஸ்பிட்பயர் உண்டு. 1940-இல் பிரிட்டன் வான்போரில் பறந்த அது, 1948-இல் பழைய இரும்பாக 25 பவுனுக்கு விற்கப்பட்டது, நல்வாய்ப்பாகப் பிழைத்தது. வெவ்வேறு படைப்பிரிவுகளின் நினைவாக அதன் வர்ணம் பலமுறை மாற்றப்பட்டுள்ளது. ஆனால், அந்தப் போரில் பாய்ந்த குண்டுகளின் துளைகளை அடைத்த ஒட்டுகள் அதன் இடச் சிறகில் எஞ்சியுள்ளன.

ஆகவே, நான் சொல்ல விரும்புவது இதுதான்: வர்ணத்தைப் படியுங்கள், எண்ணைக் கொண்டு அதைச் சரிபாருங்கள், உருவத்தைக் கொண்டு உறுதி செய்யுங்கள். அம்மேனியிலுள்ள பட்டை ஒவ்வொன்றின் பின்னாலும், தோழனைத் தோழன் அறியாமல் கொன்ற துயரமொன்று மறைந்திருக்கலாம். அதை அறிந்து நோக்குவதே அவ்விமானிகளுக்கு நாம் செய்யும் மரியாதை.