ஜிம்மி மர்ஃபி: துணையாளாகவே இருக்க விரும்பிய பயிற்சியாளர்

ஜிம்மி மர்ஃபி 1910 ஆகஸ்ட் 8 அன்று தெற்கு வேல்ஸின் ரோண்டா பள்ளத்தாக்கில், டான் பென்ட்ரே என்னும் ஊரில் பிறந்தார். தந்தை அயர்லாந்துக்காரர், தாய் வேல்ஸ் நாட்டவர். இரு பக்கமும் மலை, நடுவே நிலக்கரிச் சுரங்கங்கள், அவற்றைச் சுற்றி ஒட்டி ஒட்டிக் கட்டிய தொழிலாளர் வீடுகள் என்றிருந்தது அந்தப் பள்ளத்தாக்கு. படிப்பு முடிந்த பையன்கள் சுரங்கத்தில் இறங்குவதே அங்கே வழக்கம். மர்ஃபிக்குத் திறந்த வேறு வழி கால்பந்து. வேல்ஸ் பள்ளி மாணவர் அணிக்கு ஆடிய அவரை, 1928இல் இங்கிலாந்தின் வெஸ்ட் பிராம்விச் ஆல்பியன் கழகம் எடுத்துக்கொண்டது. இசையும் அவருக்குக் கைவந்திருந்தது. சிறுவயதில் தேவாலயத்தில் ஆர்கன் வாசித்தவர், கடைசிவரை பியானோவை விடவில்லை.

ஆட்டக்காரராக அவருடைய இடம் 'விங் ஹாஃப்'. பின்வரிசைக்கும் முன்வரிசைக்கும் நடுவே நின்று, எதிரணியிடமிருந்து பந்தைப் பறித்துத் தன் முன்வரிசைக்குக் கொண்டுசேர்க்கும் வேலை அது. கைதட்டல் கோல் அடிப்பவருக்குப் போகும்; ஓட்டமும் அடியும் விங் ஹாஃபுக்கு மிஞ்சும். அந்த வேலையை முரட்டுத் துணிச்சலோடு செய்தார் மர்ஃபி. ஆல்பியனுக்காக லீகில் 200க்கும் மேற்பட்ட ஆட்டங்கள் ஆடினார். 1935இல் எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டத்தில் அவர் இருந்த அணி ஷெஃபீல்ட் வெட்னஸ்டேயிடம் 4-2 என்று தோற்றது. வேல்ஸ் அணிக்காக 15 முறை களமிறங்கினார். 1939இல் ஸ்விண்டன் டவுனுக்கு மாறிய கையோடு உலகப் போர் வந்தது. அதோடு அவருடைய ஆட்ட வாழ்க்கை ஏறக்குறைய முடிந்துபோனது.

போரில் பிரிட்டனின் எட்டாவது படையோடு வட ஆப்பிரிக்காவிலும் பிறகு இத்தாலியிலும் இருந்தார். இத்தாலியின் பாரி நகரில் படைவீரர்களுக்கான விளையாட்டு மையம் ஒன்று அவர் பொறுப்பில் வந்தது. 1945இல் ஒருநாள் அங்கே கூடியிருந்த வீரர்களிடம் கால்பந்தைப் பற்றி அவர் உணர்ச்சி பொங்கப் பேசிக்கொண்டிருந்தபோது, ராணுவ அணி ஒன்றை அழைத்துவந்த ஸ்காட்லாந்துக்காரர் ஒருவர் ஓரமாக நின்று கேட்டார். அவர் மேட் பஸ்பி. மான்செஸ்டர் யுனைடெட்டின் மேலாளர் பதவி பஸ்பிக்கு உறுதியாகியிருந்த நேரம். தன்னோடு வரும்படி அங்கேயே மர்ஃபியை அழைத்தார். பஸ்பி அந்தக் கழகத்துக்காகத் தேர்ந்தெடுத்த முதல் ஆள் ஆட்டக்காரர் அல்ல, இந்தப் பயிற்சியாளர்தான்.

1946இல் மர்ஃபி மான்செஸ்டர் வந்தபோது கழகத்துக்கு ஆடச் சொந்த மைதானம் இல்லை. ஓல்ட் டிராஃபோர்ட் 1941இல் ஜெர்மன் குண்டுவீச்சில் சிதைந்திருந்தது. அண்டை எதிரியான மான்செஸ்டர் சிட்டியின் மைதானத்தில் 1949 வரை வாடகைக்கு ஆடினார்கள். கையில் பணமும் குறைவு. விலைகொடுத்து வாங்க முடியாத ஆட்டக்காரர்களைச் சிறுவயதிலேயே கண்டுபிடித்து வளர்ப்பது என்று பஸ்பி முடிவெடுத்தார். வளர்க்கும் பொறுப்பு மர்ஃபியுடையது.

இருவருடைய இயல்பும் நேரெதிர். பஸ்பி அமைதியானவர், தூரத்தில் நின்று மரியாதையைப் பெறுபவர். மர்ஃபி சேற்றில் இறங்கிக் கத்துவார், திட்டுவார், தோளில் கைபோட்டுத் தேற்றுவார். சால்ஃபோர்டில் 'தி கிளிஃப்' என்ற பயிற்சித் திடலில், மற்றவர்கள் வீடு திரும்பிய பிறகும் ஏதாவது ஒரு பையனை மட்டும் நிறுத்திவைத்து, ஒரே அடியை நூறு தடவை அடிக்கவைப்பார். சுரங்க ஊரான ஆஷிங்டனிலிருந்து 1953இல் வந்த பாபி சார்ல்டன் அப்படி நின்றவர்களில் ஒருவர். இயற்கையாகவே அபாரத் திறமை கொண்ட சார்ல்டனுக்கு ஆட்டத்தின் எளிய விதிகளைச் சலிக்காமல் புகட்டியவர் மர்ஃபி: பந்தைக் கொடுத்ததும் நகர்ந்துவிடு, பக்கத்தில் இருப்பவனுக்கே கொடு, கோல் அருகே வந்துவிட்டால் தயங்காமல் அடி. தனக்குக் கிடைத்த ஆசிரியர்களில் மர்ஃபியே பெரியவர் என்று சார்ல்டன் ஆயுள் முழுக்கச் சொல்லிவந்தார்.

இளையோருக்கான எஃப்.ஏ. யூத் கோப்பை 1952-53 பருவத்தில் தொடங்கியது. முதல் ஐந்து ஆண்டுகளும் அதை வென்றது யுனைடெட்தான். அந்தப் பையன்கள் பெரிய அணிக்குள் ஏறி 1956, 1957 ஆகிய இரண்டு ஆண்டுகளும் லீக் பட்டத்தைக் கொண்டுவந்தார்கள். பத்திரிகைகள் அவர்களை 'பஸ்பியின் பிள்ளைகள்' என்று அழைத்தன. பெயரில் மர்ஃபிக்கு இடமில்லை. அவர் அதைப் பொருட்படுத்தியதும் இல்லை.

அந்தப் பிள்ளைகளில் மர்ஃபியின் உயிர் டங்கன் எட்வர்ட்ஸ். 16 வயதில் பெரிய அணிக்கு ஆடிய, எந்த இடத்தில் நிறுத்தினாலும் ஈடுகொடுத்த ஆட்டக்காரர். மர்ஃபி 1956இல் வேல்ஸ் தேசிய அணியின் மேலாளர் பொறுப்பையும் ஏற்றார். மான்செஸ்டர் வேலையை விடாமல் கூடவே பார்த்த பகுதிநேரப் பணி அது. ஒருமுறை இங்கிலாந்துக்கு எதிரான ஆட்டத்துக்கு முன், எதிரணியின் ஒவ்வொருவரையும் எப்படித் தடுப்பது என்று வேல்ஸ் வீரர்களுக்கு விளக்கினார். எட்வர்ட்ஸை மட்டும் விட்டுவிட்டார். ரெக் டேவிஸ் என்ற வீரர் அதைக் கேட்க, அவன் பக்கமே போகாதே, நான் என்ன சொன்னாலும் உதவாது என்ற பொருளில் மர்ஃபி பதில் சொன்னதாக அந்தக் கதை வழங்கிவருகிறது.

1958 உலகக் கோப்பைக்கான தகுதிச் சுற்றில் வேல்ஸ், செக்கோஸ்லோவாக்கியாவுக்குப் பின்தங்கி வெளியேறியிருந்தது. ஆனால் உலகின் வேறொரு பகுதியில் நடந்த குழப்பம் அதற்கு மறுவாய்ப்பைக் கொடுத்தது. ஆசிய-ஆப்பிரிக்கப் பிரிவில் துருக்கி, இந்தோனேசியா, எகிப்து, சூடான் ஆகியவை ஒவ்வொன்றாக விலக, ஓர் ஆட்டம்கூட ஆடாமல் இஸ்ரேல் தகுதிபெறும் நிலை வந்தது. ஆடாமல் யாரும் உலகக் கோப்பைக்கு வரக்கூடாது என்று ஃபிஃபா கருதியது. மற்றப் பிரிவுகளில் இரண்டாம் இடம் பெற்ற நாடுகளின் பெயர்களைக் குலுக்கிப் போட்டதில் வேல்ஸுக்கு அதிர்ஷ்டம் அடித்தது. இஸ்ரேல் மண்ணில் முதல் ஆட்டத்தை வேல்ஸ் 2-0 என்று வென்றது. இரண்டாவது ஆட்டம் கார்டிஃபின் நினியன் பார்க் மைதானத்தில் 1958 பிப்ரவரி 5 அன்று நடந்தது, அதிலும் 2-0.

அதே நாள் மான்செஸ்டர் யுனைடெட் ஐரோப்பியக் கோப்பைக் காலிறுதிக்காக பெல்கிரேடில் இருந்தது. வழக்கமாக பஸ்பியோடு போகிறவர் மர்ஃபி. இந்த முறை நாட்டு அணியின் கடமை அவரை கார்டிஃபில் நிறுத்திவிட்டது. அவருக்குப் பதிலாகப் போனவர் பயிற்சியாளர் பெர்ட் வாலி. அந்நகரின் ரெட் ஸ்டார் அணியோடு 3-3 என்று சமன் செய்து அரையிறுதிக்குத் தகுதிபெற்ற அணி மறுநாள் கிளம்பியது. எரிபொருள் நிரப்ப மியூனிக்கில் இறங்கிய விமானம், பனிச்சேறு படிந்த ஓடுபாதையில் மூன்றாவது முறையாக மேலெழ முயன்றபோது எழ முடியாமல் நொறுங்கியது. விமானத்தில் இருந்த 44 பேரில் 23 பேர் இறந்தார்கள். அவர்களில் எட்டுப் பேர் ஆட்டக்காரர்கள். பெர்ட் வாலியும் இறந்தார்.

கார்டிஃபிலிருந்து ரயிலில் வந்த மர்ஃபிக்கு எதுவும் தெரியாது. உற்சாகமாக ஓல்ட் டிராஃபோர்டுக்குள் நுழைந்தவரிடம் பஸ்பியின் செயலாளர் ஆல்மா ஜார்ஜ்தான் செய்தியைச் சொன்னார். காதில் விழுந்தது மனதில் ஏற, அந்தப் பெண் மீண்டும் மீண்டும் சொல்ல வேண்டியிருந்தது. மர்ஃபி தன் அறைக்குள் போய்க் கதவை மூடிக்கொண்டு அழுதார். பிறகு வெளியே வந்து, இடைவிடாமல் மணியடித்துக்கொண்டிருந்த தொலைபேசிகளை எடுக்கத் தொடங்கினார்.

மறுநாள் மியூனிக் போனார். ஆக்சிஜன் கூடாரத்துக்குள் உயிருக்குப் போராடிய பஸ்பி, கொடி தாழாமல் பார்த்துக்கொள் என்று கேட்டுக்கொண்டார். மற்றொரு படுக்கையில் டங்கன் எட்வர்ட்ஸ், வரும் சனிக்கிழமை வுல்வ்ஸோடு ஆட்டம் எத்தனை மணிக்கு என்று விசாரித்தார். 15 நாள் போராடி, பிப்ரவரி 21 அன்று எட்வர்ட்ஸ் இறந்தார். அப்போது அவருக்கு வயது 21.

அதிகம் காயப்படாமல் தப்பிய ஹாரி கிரெக், பில் ஃபௌல்க்ஸ் இருவரையும் மர்ஃபி ரயிலிலேயே ஊர் கொண்டுவந்து சேர்த்தார். எஃப்.ஏ. கோப்பையின் ஐந்தாம் சுற்று ஆட்டம் தள்ளிவைக்கப்பட்டும் விபத்துக்குப் பதின்மூன்றாம் நாளே வந்துவிட்டது. அதற்குள் இறந்தவர்களின் இறுதிச் சடங்குகளுக்குப் போக வேண்டும். அவர்கள் வீட்டாரைப் பார்க்க வேண்டும். புதிதாக ஓர் அணியையும் திரட்ட வேண்டும். பிளாக்பூல் கழகத்திலிருந்து அனுபவசாலியான எர்னி டெய்லரை வாங்கினார். ஆஸ்டன் வில்லாவின் ஸ்டான் க்ரவுதரை வாங்கும் ஒப்பந்தம் ஆட்டம் தொடங்கச் சற்று முன்புதான் கையெழுத்தானது. அந்தப் பருவத்தில் வேறு கழகத்துக்காகக் கோப்பையில் ஆடியவர் மீண்டும் ஆடக்கூடாது என்ற விதியைக் கால்பந்துச் சங்கம் அவருக்காகத் தளர்த்தியது. மற்ற இடங்களை இரண்டாம் அணிப் பையன்களைக் கொண்டு நிரப்பினார்.

பிப்ரவரி 19 இரவு ஓல்ட் டிராஃபோர்டில் ஏறக்குறைய 60,000 பேர் திரண்டார்கள். அவர்கள் கையிலிருந்த ஆட்ட நிகழ்ச்சி இதழில் ஷெஃபீல்ட் வெட்னஸ்டே அணியின் பதினொரு பெயர்களும் அச்சாகியிருந்தன. எதிர்ப் பக்கத்தில் யுனைடெட்டின் பதினொரு பெயர்களுக்கும் வெற்றிடம். அச்சுக்குப் போகும் நேரத்தில் யார் ஆடுவார் என்பது மர்ஃபிக்கே தெரியாது. முதல்முறையாகப் பெரிய அணிக்கு ஆடிய ஷே பிரென்னன் இரண்டு கோல் அடிக்க, யுனைடெட் 3-0 என்று வென்றது.

லீகில் அந்த அணியால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. விபத்துக்குப் பிந்தைய 14 ஆட்டங்களில் ஒன்றை மட்டுமே வென்றது. கோப்பை ஆட்டம் என்றால் மட்டும் எங்கிருந்தோ ஒரு பலம் வந்தது. மர்ஃபியின் பழைய கழகமான வெஸ்ட் பிராம்விச் காலிறுதியில் வீழ்ந்தது. அரையிறுதியில் ஃபுல்ஹாமோடு சமன் செய்து, மறு ஆட்டத்தில் 5-3 என்று வென்றார்கள். மே 3 அன்று வெம்ப்ளி மைதானத்துக்குள் அணியை நடத்திச் சென்றவர் மர்ஃபி. கைத்தடியோடு வந்திருந்த பஸ்பி ஓரத்தில் அமர்ந்து பார்த்தார். போல்டன் அணியின் நாட் லாஃப்ட்ஹவுஸ் அடித்த இரண்டு கோல்களில் கனவு முடிந்தது. இரண்டாவது கோலில் அவர் கோல்கீப்பர் கிரெக்கைப் பந்தோடு சேர்த்து வலைக்குள் தள்ளியதை நடுவர் அனுமதித்தார். ஐரோப்பியக் கோப்பை அரையிறுதியில் மிலானை ஊரில் 2-1 என்று வென்றவர்கள், இத்தாலியில் 4-0 என்று தோற்றார்கள். தோல்வியில் முடிந்த இந்த மூன்று மாதங்கள்தான், வென்ற கோப்பைகளையெல்லாம்விட, மர்ஃபி யார் என்பதைக் காட்டுகின்றன.

அவருக்கு ஓய்வு கிடைக்கவில்லை. ஒரு மாதத்துக்குள் வேல்ஸ் அணியோடு உலகக் கோப்பைக்காக ஸ்வீடனில் இருந்தார். அர்செனலின் ஜாக் கெல்சி கோல்கீப்பர். டேவ் போவன் தலைவர். முன்வரிசையில் ஐவர் ஆல்சர்ச், கிளிஃப் ஜோன்ஸ், டெர்ரி மெட்வின். எல்லாருக்கும் மேலாக, இத்தாலியின் ஜுவென்டஸுக்காக ஆடிவந்த ஜான் சார்ல்ஸ். ஹங்கேரியோடு 1-1, மெக்சிகோவோடு 1-1, ஸ்வீடனோடு 0-0 என்று மூன்றும் சமன். முந்தைய உலகக் கோப்பையின் இறுதிவரை போன ஹங்கேரியோடு தீர்வு ஆட்டம் ஆட வேண்டியதாயிற்று. 2,823 பேர் மட்டுமே பார்த்த அந்த ஆட்டத்தில் முதலில் ஒரு கோல் வாங்கிய வேல்ஸ், ஆல்சர்ச்சும் மெட்வினும் அடிக்க 2-1 என்று வென்றது. ஆனால் ஹங்கேரிக்காரர்களின் உதைகளில் ஜான் சார்ல்ஸ் காயமடைந்தார்.

ஜூன் 19 அன்று கோதன்பர்க்கில் பிரேசிலோடு காலிறுதி. சார்ல்ஸ் இல்லை. ஒரு மணி நேரத்துக்கும் மேலாக வேல்ஸ் தடுப்பு உடையவில்லை. 66ஆம் நிமிடத்தில் 17 வயதுப் பையன் ஒருவன் கோலுக்கு முதுகு காட்டியபடி பந்தை வாங்கி, ஒரே அசைவில் திரும்பி உள்ளே அடித்தான். உலகக் கோப்பையில் பெலே அடித்த முதல் கோல் அது. 1-0. பிரேசில் அந்த முறை உலகக் கோப்பையையே வென்றது. வேல்ஸ் அடுத்த உலகக் கோப்பையில் ஆட 2022 வரை, 64 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. உலகக் கோப்பையில் காலிறுதியை அது இன்றுவரை தாண்டவில்லை.

பஸ்பி நலம்பெற்று அடுத்த பருவத்துக்குத் திரும்பியதும் மர்ஃபி தன் பழைய இடத்துக்குப் போய்விட்டார். தனியாக ஓர் அணியை நடத்தக்கூடியவர் என்று உலகமே பார்த்த பிறகு, மற்றக் கழகங்களின் அழைப்புகள் வந்தன. எதையும் ஏற்கவில்லை. மேலாளருக்குரிய பேட்டிகளும் விருந்துகளும் அவருக்கு ஒவ்வாதவை. பயிற்சித் திடலில் பையன்களோடு நிற்பதுதான் அவருக்குப் பிடித்தது. வேல்ஸ் பொறுப்பை 1964 வரை வகித்தார். யுனைடெட்டில் 1963 எஃப்.ஏ. கோப்பை, 1965, 1967 லீக் பட்டங்கள் எல்லாவற்றிலும் அவர் உழைப்பு இருந்தது. 1968 மே 29 அன்று வெம்ப்ளியில் பென்ஃபிகாவை 4-1 என்று வீழ்த்தி யுனைடெட் ஐரோப்பியக் கோப்பையை வென்றபோது, களத்தில் இருந்தவர்களில் பாபி சார்ல்டன், பில் ஃபௌல்க்ஸ், ஷே பிரென்னன் மூவரும் 1958இன் ஆட்கள்.

1971இல் துணை மேலாளர் பதவியிலிருந்து ஓய்வுபெற்றார். அதன் பிறகும் புதிய ஆட்டக்காரர்களைத் தேடிப்பிடிக்கும் வேலையைக் கழகத்துக்காகச் செய்துவந்தார். டாமி டோகர்ட்டி மேலாளராக இருந்தபோது ஸ்டீவ் காப்பல், கோர்டன் ஹில் ஆகியோரை எடுத்ததில் அவர் கண்ணுக்கும் பங்கு உண்டு. 1989 நவம்பர் 14 அன்று, 79 வயதில் காலமானார். ஆண்டுதோறும் கழகத்தின் சிறந்த இளம் ஆட்டக்காரருக்கு யுனைடெட் வழங்கும் விருதுக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. அவருடைய வெண்கலச் சிலை 2023 மே மாதம்தான் ஓல்ட் டிராஃபோர்டில், ஸ்ட்ரெட்ஃபோர்ட் எண்ட் பார்வையாளர் மாடத்துக்குப் பின்னால் திறந்துவைக்கப்பட்டது.