விளக்கு ஒரு கணம் அணைவது ஏன்?

"மின்சாரம் இருக்கும்போதே ஜெனரேட்டரை ஏன் இயக்குகிறீர்கள்?" என்று உறவினர்கள் எங்களிடம் வினவுவதுண்டு. நியாயமான வினாவே.

2012 அக்டோபரில் சாண்டி புயல் தாக்கியபோது, நியூயார்க்கின் என்.ஒய்.யூ. லாங்கோன் மருத்துவமனையில் ஜெனரேட்டர்கள் சில உயரமான இடத்திலேயே இருந்தன. அவற்றுக்கு எரிபொருள் அனுப்பும் அமைப்போ அடித்தளத்தில் இருந்தது. வெள்ளம் அதைச் செயலிழக்கச் செய்தது. 300க்கும் மேற்பட்ட நோயாளிகளை இருண்ட படிக்கட்டுகள் வழியே இறக்கினர். பச்சிளங் குழந்தைகளுக்குச் செவிலியர் கையால் பையை அழுத்திச் சுவாசம் அளித்தபடியே இறங்கினர்.

அமெரிக்க விதிகளின்படி, உயிர்காக்கும் பிரிவுகளுக்கு 10 விநாடிகளுக்குள் மாற்று மின்சாரம் வந்தாக வேண்டும்; மாதந்தோறும் 30 நிமிடம் மின்சுமையுடன் இயக்கிச் சோதிக்கவும் வேண்டும். சுமையின்றி ஓடவிடுவது, எந்திரம் உறுமுகிறது என்பதை மட்டுமே காட்டும். எரிபொருள் வரும் வழியையும் சோதிக்காத விதி பாதி விதியே என்பது எங்கள் கருத்து.

அந்தச் சில விநாடிகளில் வென்டிலேட்டர் தன் பேட்டரியில் இயங்கும். ஆகவே, கைப்பேசிக்குச் சார்ஜ் ஏற்றுவதற்காக அதன் பிளக்கைக் கழற்ற வேண்டாம். வீட்டில் மின்சாரத்தால் இயங்கும் ஆக்சிஜன் செறிவூட்டி வைத்திருப்போர், மின்தடைக்கென நிரப்பிய சிலிண்டர் ஒன்றை அருகில் வைத்திருங்கள். அதைத் திறக்கும் முறையை வீடு திரும்புமுன் செவிலியரிடம் கற்றுக்கொள்ளுங்கள்.