உங்களுக்குத் தெரியுமா? செயற்கை இதயம்

● செயற்கை இதயம் பொருத்தும்போது நோயாளியின் இதயத்தை முழுதாக எடுத்துவிடுவதில்லை. பழுதான கீழறைகள் இரண்டையும்தான் வெட்டி எடுப்பார்கள். மேலறைகளை விட்டுவைப்பார்கள், புதுக் கருவியைத் தைக்க அந்தச் சொந்தத் தசைதான் பிடிமானம்.

● இதயத்தை வெட்டும் நேரத்தில் உடம்புக்கு ரத்தம் அனுப்புவது யார்? இதய-நுரையீரல் இயந்திரம். ஜான் கிப்பன் 1953இல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் அதைக் கொண்டு ஓர் இளம்பெண்ணுக்கு வெற்றிகரமாக அறுவை செய்தார். அது வந்திராவிட்டால் செயற்கை இதயமும் வந்திருக்காது.

● கருவியை நேரடியாகத் தைப்பதில்லை. மேலறைகளிலும், மகாதமனியிலும், நுரையீரல் தமனியிலும் முதலில் இணைப்பு வளையங்களையும் குழாய்களையும் தைப்பார்கள். தையலில் ரத்தம் கசியுமா என்று சோதித்த பிறகே, ‘சின்கார்டியா’ என்ற செயற்கை இதயத்தின் இரு பம்புகளையும் அவற்றில் அழுத்தி மாட்டுவார்கள்.

● மிகப் பெரிய எதிரி காற்று. ஒரு குமிழி மூளைக்குப் போனாலும் பக்கவாதம் வரலாம். அதனால் கருவிக்குள் உப்புநீர் நிரப்பி, காற்றை வெளியேற்றி, உணவுக்குழாய் வழியாக எக்கோ பார்த்துக்கொண்டே மெல்ல இயக்குவார்கள்.

● எல்லா மார்பிலும் இது அடங்காது. 70 மில்லி கொள்ளளவுள்ள சின்கார்டியா இதயத்துக்கு, மார்பெலும்புக்கும் பத்தாவது மார்பு முள்ளெலும்புக்கும் நடுவே குறைந்தது 10 செ.மீ. இடம் வேண்டும். அதை முன்கூட்டியே சி.டி. ஸ்கேனில் அளந்துவிடுவார்கள். சிறிய உடம்புக்கென்று 50 மில்லி அளவிலும் உண்டு.

● பொருத்தும்போதே கழற்றும் நாளையும் நினைக்க வேண்டும். சுற்றியுள்ள திசு கருவியோடு ஒட்டிக்கொண்டால், பிறகு தானமாக வரும் இதயத்தை வைப்பது கடினம். அதனால் கோர்-டெக்ஸ் என்ற மெல்லிய விரிப்பால் கருவியைச் சுற்றிவிடுவார்கள்.

● மனிதருக்கு முதன்முதலில் செயற்கை இதயம் பொருத்தியவர் டென்டன் கூலி. இடம் ஹூஸ்டன், நாள் 1969 ஏப்ரல் 4. டொமிங்கோ லியோட்டா உருவாக்கிய அந்த இதயம் 64 மணி நேரம் நோயாளியைத் தாங்கியது. பிறகு தான இதயம் வைத்தும் அவர் பிழைக்கவில்லை.

● 1982 டிசம்பரில் யூட்டா பல்கலைக்கழகத்தில் வில்லியம் டிவ்ரீஸ் பொருத்திய ‘ஜார்விக்-7’, ஓய்வுபெற்ற பல் மருத்துவர் பார்னி கிளார்க்கை 112 நாள் வாழவைத்தது. அத்தனை நாளும் அவர் ஒரு பெரிய காற்றழுத்த இயந்திரத்தோடு குழாய்களால் பிணைக்கப்பட்டிருந்தார்.

● நாடித்துடிப்பே இல்லாமல் மனிதர் உயிரோடு இருக்க முடியும்! 2011இல் ஹூஸ்டனில் பட் ஃபிரேசியரும் பில்லி கோனும் இடைவிடாமல் சுழலும் இரு பம்புகளை இதயத்தின் இடத்தில் வைத்தார்கள். நோயாளி கண்விழித்துப் பேசினார். மணிக்கட்டில் துடிப்பு இல்லை.

● ஆஸ்திரேலியரான டேனியல் டிம்ஸ் உருவாக்கிய ‘பைவாகோர்’ இதயத்தில் அசையும் பாகம் ஒன்றே ஒன்று. காந்த விசையில் எதையும் தொடாமல் மிதந்து சுழலும் தகடு அது. உராய்வு இல்லை, தேய்மானமும் இல்லை. சிட்னியில் 2024 நவம்பரில் இதைப் பெற்றவர் 100 நாளுக்கு மேல் இதோடு வாழ்ந்து, 2025 மார்ச்சில் தான இதயம் பெற்றார்.

● ஆம், இன்றும் செயற்கை இதயம் பெரும்பாலும் ஒரு பாலம்தான். அக்கரையில் யாரோ ஒருவர் தந்த இதயம் காத்திருக்க வேண்டும். தமிழ்நாட்டில் உறுப்பு தானத்தை ஒருங்கிணைப்பது அரசின் ‘டிரான்ஸ்டான்’ ஆணையம். ஆனால் மூளைச்சாவு நேர்ந்த பிறகு சம்மதம் சொல்ல வேண்டியவர்கள் குடும்பத்தார். உங்கள் விருப்பத்தை இன்றே வீட்டில் சொல்லிவையுங்கள்.