பூட்டும் சாவியும்: இணையதளத்தின் பொது அமைப்புகளை யார் கையில் கொடுப்பது?

கடைச் சாவி ஒருவரிடம், கல்லாச் சாவி ஒருவரிடம், கிட்டங்கிச் சாவி வேறொருவரிடம் என்று பிரித்துக் கொடுப்பது வியாபாரிகளின் பழைய வழக்கம். எல்லாவற்றையும் ஒரே கொத்தாக எவரிடமும் நீட்டிவிடுவதில்லை. இன்று நம்மவர் பலர் கடைக்கு இணையதளமும் வைத்திருக்கிறார்கள். அங்கே இந்தச் சாவிப் பங்கீடு எப்படி என்பதை, கணினிக் கல்வி பயிலாத வியாபாரியான நான் கேட்டும் படித்தும் அறிந்த அளவில் விளக்க முற்படுகிறேன்.

தளத்தை நிரலர் கட்டிக் கொடுத்தபின் நாமே எழுதித் திருத்த உதவுவது உள்ளடக்க மேலாண்மை மென்பொருள். 2001இல் வந்த ட்ரூபல், 2003இல் வந்த வேர்ட்பிரஸ், 2005இல் வந்த ஜூம்லா ஆகியவை பெயர்பெற்றவை. இவற்றுள் இருவகைச் சரக்கு உண்டு. ஒன்று உள்ளடக்கம், அதாவது கட்டுரை, படம், பொருள் விவரம். மற்றொன்று தளம் முழுமைக்குமான பொது அமைப்பு. முன்னதைத் திருத்தினால் ஒரு பக்கம் மாறும். பின்னதைத் திருத்தினால் தளமே மாறும்.

சிக்கல் எங்கே வருகிறது? தொலைபேசி எண், கடை நேரம், வரிப் பதிவு எண் போன்றவை பெரும்பாலும் எல்லாப் பக்கங்களின் அடியிலும் வருபவை. 2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி அமலானபோது பழைய வாட் எண் போய் 15 எழுத்துகள் கொண்ட புதிய எண் வந்தது. வேர்ட்பிரஸில் ‘எடிட்டர்’ பொறுப்பில் இருப்பவர் எல்லாக் கட்டுரைகளையும் திருத்தலாம். பொது அமைப்பைத் தொட முடியாது. அது ‘அட்மினிஸ்ட்ரேட்டர்’ கையில்தான். ஆகவே ஓர் எண்ணை மாற்றவும் நிரலருக்குப் போன் போட வேண்டும். இல்லையேல் முழுக் கொத்தையும் வாங்கிக்கொள்ள வேண்டும்.

முழுக் கொத்து வம்பானது. தேடுபொறிகள் வரவேண்டாம் என்னும் ஒரு சிறு கட்டத்தில் குறியிட்டால் போதும், நாளடைவில் கூகுள் தேடலிலிருந்து கடை மறைந்துபோகும். தளமுகவரிக் கட்டத்தில் தவறாக மாற்றிவிட்டால் உள்ளே நுழையும் வாசலும் சேர்ந்தே அடைபட்டுவிடும்.

சரி, அப்படியானால் என்னதான் செய்வது? ‘கடை விவரம்’ என்று ஒரு தனிப் பக்கம் அமைத்து, வாடிக்கையாளர் மாற்ற வேண்டிய நாலைந்து கட்டங்களை மட்டும் அதில் வைப்பதே நல்ல வழி. இதில் நிரலர் கவனிக்க வேண்டியவை மூன்று.

முதலாவது, அனுமதி. வேர்ட்பிரஸின் வழக்கமான அமைப்பு முறையில் பக்கத்தை எடிட்டருக்குக் காட்டினால் மட்டும் போதாது. சேமிக்கும் அனுமதியையும் தனியே தர வேண்டும். இல்லையென்றால் பூர்த்தி செய்து பொத்தானை அழுத்தும்போது மறுத்துவிடும்.

இரண்டாவது, சோதனை. ஜிஎஸ்டி எண்ணில் முதல் 2 இலக்கம் மாநிலக் குறியீடு, அடுத்த 10 எழுத்து பான் எண். 14 எழுத்துடன் நிறுத்தினால் மென்பொருளே தடுத்துச் சொல்ல வேண்டும்.

மூன்றாவது, இருப்பிடம். 2015இல் வந்த ட்ரூபல் 8 முதல் அமைப்புகளைக் கோப்புகளாக எடுத்து வேறிடத்தில் திருத்தி மீண்டும் ஏற்றும் முறை உண்டு. வாடிக்கையாளர் மாற்றிய எண் அந்த அமைப்போடு கலந்து கிடந்தால், அடுத்த முறை ஏற்றும்போது பழைய எண்ணே வந்து உட்கார்ந்துகொள்ளும். ஆகவே அதை உள்ளடக்கம் போலத் தனியே வைப்பது பாதுகாப்பு.

இதனால் உரிமையாளருக்கு முழுச் சாவி வேண்டாம் என்று பொருளல்ல. நிரலர் ஊரைவிட்டுப் போகலாம், தொழிலையே விடலாம். அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கு ஒன்று உரிமையாளர் பெயரில் கட்டாயம் இருக்கட்டும். அதை இரும்புப் பெட்டிச் சாவிபோல் எடுத்து வைத்துவிட்டு, அன்றாட வேலைக்குச் சின்னச் சாவியையே புழங்கலாம். தளம் கட்டக் கொடுக்கும் அன்பர்கள் முன்பணம் கொடுக்கும் முன்பே இந்த இரண்டையும் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்வது நலம்.