கருத்தாய்வுக்குக் காசு: நாம் கொடுப்பது பதிலை மட்டுமா?

"கைப்பேசியில் பத்துக் கேள்விகளுக்குப் பதில் சொல்லுங்கள், பணம் பெறுங்கள்." இப்படி ஓர் அழைப்பு புலனக் குழுவிலோ முகநூலிலோ கண்ணில் படாதவர்கள் இன்று குறைவு. தோட்டத்தில் வேலை குறைந்த மாதம், பள்ளி திறக்கும் நேரம், தீபாவளிச் செலவு என்று கை கடிக்கும் வேளையில், வீட்டில் இருந்தபடியே ஐந்து வெள்ளி, பத்து வெள்ளி வருவது நல்லதாகத்தான் தோன்றும். இல்லத்தரசிகள், கல்லூரி மாணவர்கள், வேலை ஓய்வு பெற்றவர்கள் எனப் பலரும் இதில் சேர்கிறார்கள்.

இதில் சேருவது தவறில்லை. ஒழுங்காக நடத்தப்படும் கருத்தாய்வுகள் இருக்கின்றன, அவற்றுக்குப் பணமும் வருகிறது. ஆனால் இது ஒரு வியாபாரம். நாம் எதை விற்கிறோம் என்று தெரிந்து விற்றால்தான் அது நமக்கு நட்டமில்லாத வியாபாரம்.

ஏன் பணம் தருகிறார்கள்?

சோப்பு, மாவு, காப்புறுதி, கைப்பேசித் திட்டம் என எதை விற்கும் நிறுவனமும் தன் பொருளை யார் வாங்குகிறார், யார் வாங்கவில்லை, ஏன் என்று அறிய விரும்பும். அதற்காகச் சந்தை ஆய்வு நிறுவனங்களை நாடுகிறது. அவை உறுப்பினர் பட்டியல் ஒன்றை வைத்துக்கொண்டு கேள்விகளை அனுப்புகின்றன. பதில் சொன்னவருக்குப் புள்ளிகள் சேரும். அவை பிறகு பற்றுச்சீட்டாகவோ மின்பணப்பையில் பணமாகவோ மாறும்.

முறையான ஆய்வுக்கு உங்கள் பெயர் முக்கியமில்லை. "நாற்பது வயதைத் தாண்டிய பெண்களில் எத்தனை பேர் இந்த மாவை வாங்குகிறார்கள்" என்ற கூட்டுக்கணக்குதான் அவர்களுக்கு வேண்டும். சந்தை ஆய்வுத் துறைக்கு 1948 முதலே ஓர் அனைத்துலக நடத்தைக் கோவை உண்டு. ஆய்வு வேறு, விற்பனை வேறு என்பது அதன் அடிப்படைகளில் ஒன்று. ஆய்வென்று சொல்லி வாங்கிய தகவலைக் கொண்டு அதே ஆளிடம் பொருள் விற்கக் கூடாது.

சிக்கல் எங்கே வருகிறது? கருத்தாய்வு வேடத்தில் இன்னும் இரண்டு வகையினர் வருகிறார்கள். ஒரு வகையினர் பெயர், தொலைபேசி எண், வருமானம் ஆகியவற்றைச் சேர்த்துக் கடன் முகவர்களுக்கும் விற்பனையாளர்களுக்கும் விற்பவர்கள். இன்னொரு வகையினர் நேரடி மோசடிக்காரர்கள். மூவரின் முதல் பக்கமும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும்.

முறையான ஆய்விலும் கவனிக்க ஒன்று உண்டு. வயது, வருமானம், பிள்ளைகள், வாகனம், நோய் என்று பல கேள்விகளைக் கேட்டுவிட்டு, "மன்னிக்கவும், இந்த ஆய்வுக்கு நீங்கள் தகுதி பெறவில்லை" என்று திரை மூடிக்கொள்ளும். புள்ளி கிடைக்காது. நீங்கள் தட்டிய பதில்கள் என்ன ஆகின்றன என்பது அந்த நிறுவனத்தின் தனியுரிமை அறிவிப்பில்தான் இருக்கும். நம்மில் பெரும்பாலோர் அதைப் படிக்காமலே "சம்மதம்" என்று அழுத்துகிறோம்.

"பெயரே கேட்கவில்லையே!"

பலரும் சொல்லும் சமாதானம் இது. பெயர் இல்லாமலே ஆளைக் கண்டுபிடிக்க முடியும் என்பதை லதான்யா சுவீனி என்ற அமெரிக்க ஆய்வாளர் 1990களிலேயே காட்டிவிட்டார். மாசசூசெட்ஸ் மாநில அரசு ஊழியர்களின் மருத்துவப் பதிவுகள், பெயர்கள் நீக்கப்பட்டு ஆய்வாளர்களுக்குக் கொடுக்கப்பட்டன. சுவீனி 20 டாலர் கொடுத்து ஒரு நகரத்தின் வாக்காளர் பட்டியலை வாங்கினார். பிறந்த தேதி, பாலினம், அஞ்சல் குறியீடு ஆகிய மூன்றையும் ஒப்பிட்டு, அந்த மாநில ஆளுநர் வில்லியம் வெல்டின் மருத்துவப் பதிவையே தனியாகப் பிரித்தெடுத்தார். இந்த மூன்று தகவல்களைக் கொண்டே அமெரிக்கர்களில் 87 விழுக்காட்டினரைத் தனித்தனியாக அடையாளம் காணக்கூடும் என்று 2000இல் அவர் கணக்கிட்டார்.

இதை நம் ஊருக்குப் பொருத்திப் பாருங்கள். நமது அடையாள அட்டை எண்ணில் 12 இலக்கங்கள். முதல் ஆறு பிறந்த தேதி. அடுத்த இரண்டு பிறந்த மாநிலம்: கெடா என்றால் 02, பேராக் என்றால் 08, சிலாங்கூர் என்றால் 10. கடைசி இலக்கம் ஒற்றைப்படையானால் ஆண், இரட்டைப்படையானால் பெண். ஆக, ஐசி எண்ணைக் கொடுத்தவர் சுவீனி பயன்படுத்திய மூன்றில் இரண்டை ஏற்கெனவே கொடுத்துவிட்டார். அஞ்சல் குறியீடும் சேர்ந்தால் மூன்றும் முடிந்தது.

ஐசி எண்ணே கேட்காவிட்டாலும் நிலைமை அதிகம் மாறாது. கோலாலம்பூரின் ஒரு பெரிய அடுக்குமாடிப் பகுதியில் ஒரே நாளில் பிறந்த பெண்கள் சிலர் இருக்கலாம். முப்பது குடும்பங்கள் மட்டும் மீந்திருக்கும் ஒரு செம்பனைத் தோட்டத்தில்? "வீட்டில் பேசும் மொழி தமிழ்" என்றும் சொல்லிவிட்டால், அந்தத் தேதியில் பிறந்தவர் நீங்கள் ஒருவராகத்தான் இருப்பீர்கள். சிறிய இடத்தில் வாழ்பவருக்கும் சிறுபான்மையினருக்கும் பெயர் மறைப்பு தரும் பாதுகாப்பு குறைவு. நம்மவர்களில் பலர் இரண்டுமாக இருக்கிறார்கள்.

நாம் பதில் சொல்கிறோம், வீடே பதிவாகிறது

"வீட்டில் எத்தனை பேர்? பிள்ளைகள் எந்தப் பள்ளி? யாருக்காவது நீரிழிவு உண்டா? மொத்த வருமானம் எவ்வளவு?" இவை நம்மைப் பற்றிய கேள்விகள் மட்டுமல்ல. கணவர், மாமியார், பிள்ளைகள் ஆகியோரின் தகவல்களையும் அவர்களைக் கேட்காமலே கொடுக்கிறோம்.

உலகம் அறிந்த எடுத்துக்காட்டும் ஒரு கட்டணக் கருத்தாய்வுதான். 2014இல், சில டாலர் பெற்றுக்கொண்டு ஓர் ஆளுமைக் கேள்வித்தாளை நிரப்பும்படி அமெரிக்கர்கள் அழைக்கப்பட்டார்கள். முகநூல் கணக்கின் வழியே அந்தச் செயலிக்குள் சென்றவர்கள் ஏறக்குறைய 2 லட்சத்து 70 ஆயிரம் பேர். ஆனால் அவர்களுடைய நண்பர்களின் தகவல்களையும் சேர்த்து 8 கோடியே 70 லட்சம் பேர் வரை பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று முகநூல் நிறுவனமே 2018இல் அறிவித்தது. அந்தத் தகவல்கள் கேம்பிரிட்ஜ் அனலிட்டிக்கா என்ற அரசியல் ஆலோசனை நிறுவனத்திடம் போய்ச் சேர்ந்திருந்தன. பணம் வாங்கியவர் ஒருவர், தகவல் போனது நூற்றுக்கணக்கானோருடையது.

சட்டம் நமக்கு என்ன தருகிறது?

மலேசியாவில் 2010ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் உண்டு. 2013 நவம்பரில் நடப்புக்கு வந்த இந்தச் சட்டம் 2024இல் திருத்தப்பட்டது. வணிக நோக்கில் நம் தகவலைக் கையாளும் நிறுவனங்களுக்கு இது பொருந்தும். நமக்குப் பயன்படும் சில:

• எந்தத் தகவலை, எதற்காக வாங்குகிறோம், யாரிடம் கொடுப்போம் என்று நிறுவனம் எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும். அந்த அறிவிப்பு மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும்.

• உடல்நலம், சமய நம்பிக்கை, அரசியல் கருத்து, கைரேகை அல்லது முகப்பதிவு போன்றவை உணர்வுநுட்பத் தகவல்கள். இவற்றைக் கேட்க வெளிப்படையான சம்மதம் தேவை.

• 18 வயதுக்குக் குறைந்தவருக்குப் பெற்றோரோ பாதுகாவலரோ சம்மதம் தர வேண்டும்.

• கொடுத்த சம்மதத்தை எழுத்து மூலம் மீட்டுக்கொள்ளலாம். விற்பனை விளம்பரத்துக்கு என் தகவலைப் பயன்படுத்தாதே என்றும் கேட்கலாம்.

சட்டக் கோட்பாடுகளை மீறினால் 10 லட்சம் ரிங்கிட் வரை அபராதமும் மூன்றாண்டு வரை சிறையும் விதிக்க இடமுண்டு. புகார்களைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புத் துறையிடம் கொடுக்கலாம்.

ஆனால் சட்டத்துக்கு எல்லையும் உண்டு. முழுக்க வெளிநாட்டில் கையாளப்படும் தகவலுக்கு அது பொதுவாகப் பொருந்தாது. முகவரியே இல்லாத இணையப் பக்கத்தின் மீது யார் வழக்குப் போடுவது? ஆகவே முதல் காவல் நம் விரல்தான்.

எங்கே நிறுத்த வேண்டும்?

கருத்தைக் கேட்டால் சொல்லலாம். எந்த மாவு பிடிக்கும், எந்தப் பேரங்காடிக்குப் போகிறீர்கள் என்பதில் பெரிய ஆபத்து இல்லை. கீழ்க்கண்டவற்றில் ஒன்று வந்தாலும் அங்கேயே வெளியேறுங்கள்:

• ஐசி எண், அல்லது ஐசியின் இருபக்கப் படம், ஐசியைக் கையில் பிடித்த தற்படம்.

• வங்கி அட்டை எண், கடவுச்சொல், கைப்பேசிக்கு வரும் டிஏசி எண்.

• பணத்தை எடுப்பதற்கு முன் "சிறு வைப்புத்தொகை" கட்டச் சொல்வது. நமக்குப் பணம் தருபவர் நம்மிடம் பணம் கேட்க மாட்டார்.

• அதிகாரப்பூர்வச் செயலிக் கடைக்கு வெளியே, ஓர் இணைப்பின் வழி செயலியைப் பதிவிறக்கச் சொல்வது.

• அரசாங்க உதவித்தொகைக்கான கருத்தாய்வு என்று புலனத்தில் வரும் இணைப்பு.

• "உங்கள் வங்கிக் கணக்கைச் சில நாள் பயன்படுத்திக்கொள்கிறோம், கமிஷன் தருகிறோம்" என்ற பேச்சு. நம் கணக்கை இன்னொருவர் கையில் கொடுப்பதே குற்றம் என்று 2024இல் தண்டனைச் சட்டம் திருத்தப்பட்டது. ஏமாந்தவர் என்று நாம் நினைப்பவரும் நீதிமன்றப் படியேற நேரலாம்.

சேரத்தான் போகிறீர்கள் என்றால், அதற்கென்று தனி மின்னஞ்சல் முகவரி வைத்துக்கொள்ளுங்கள். வங்கிக்குப் பயன்படுத்தும் கடவுச்சொல்லை அங்கே பயன்படுத்தாதீர்கள். "சொல்ல விரும்பவில்லை" என்ற தேர்வு இருந்தால் தயங்காமல் அதை அழுத்துங்கள். அழைத்தவரின் தொலைபேசி எண்ணையோ வங்கிக் கணக்கையோ அரச மலேசிய போலீசின் "செமாக் மியூல்" தளத்தில் தட்டிப் பாருங்கள். ஏற்கெனவே புகார் இருந்தால் தெரிந்துவிடும். ஆனால் புகார் இல்லை என்பதே நல்லவர் என்பதற்குச் சான்றாகாது.

பணம் போய்விட்டது என்று தெரிந்தால் வெட்கப்பட்டுக்கொண்டு காத்திருக்காதீர்கள். உடனே உங்கள் வங்கியையோ, தேசிய மோசடி நடவடிக்கை மையத்தை 997 என்ற எண்ணிலோ அழையுங்கள், பிறகு போலீசில் புகார் செய்யுங்கள். பணம் அடுத்த கணக்குக்கு மாறுவதற்குள் தடுக்க முடிந்தால்தான் மீட்க வாய்ப்பு.

தொலைந்த அட்டையை முடக்கலாம், கடவுச்சொல்லை மாற்றலாம். பிறந்த தேதியையும் தாயின் பெயரையும் நோயின் வரலாற்றையும் மாற்ற முடியாது. ஐந்து வெள்ளிக்கு எதை விற்கலாம், எதை விற்கக் கூடாது என்பதை வீட்டில் பிள்ளைகளிடமும் பெரியவர்களிடமும் இன்றே ஒரு முறை பேசி வையுங்கள்.